வேலூரில் மார்கழி, தை, மாசி: பார்க்கக் கேட்க ஏதாவது உண்டா?

கேள்வி, 2024 நவம்பர் 22

காட்பாடிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. சென்னையில் இருந்தவரை டிசம்பர் வந்தால் சபா, சபா கேன்டீன், நாடகம் என்று சாயங்காலம் போதாது. இங்கே டிக்கெட் ஆப்பில் வேலூர் என்று போட்டால் சினிமா மட்டும்தான் வருகிறது. குளிர்காலத்தில் இந்த ஊரில் பார்க்கக் கேட்க ஏதாவது உண்டா, இல்லை சனிக்கிழமையானால் ரயிலேறுவதுதான் வழியா?

நவம்பர் 22, இரவு

ரயிலேற வேண்டாம், சொல்கிறேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, உங்கள் ஆபீஸில் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள்: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. இதில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்தாச்சு. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஆற்றைப் பற்றியும் பேச்சை விட்டுவிட்டார்கள். நீங்கள் இப்போது நிகழ்ச்சி இல்லாத ஊர் என்று அஞ்சாவதாக ஒன்றைச் சேர்க்கப் பார்க்கிறீர்கள், விடமாட்டோம்.

ஆப்பில் தேடினால் எப்படி வரும்? இங்கே எதற்கும் டிக்கெட் கிடையாது, டிக்கெட் இல்லாததில் ஆப்புக்காரனுக்கு என்ன வேலை. வீட்டில் தினசரி காலண்டர் கிழிக்கிறீர்களா? தாளின் அடியில் பொடி எழுத்தில் கிருத்திகை, பிரதோஷம், அமாவாசை என்று போட்டிருக்கும். நிகழ்ச்சி நிரல் அதுதான். அதற்கு மேல் விவரம் வேண்டுமானால் சுவரொட்டி. அதற்கும் மேல் வேண்டுமானால் டீக்கடை.

நவம்பர் 24

முதலில் சோளிங்கர். இப்போது கார்த்திகை நடக்கிறது, யோக நரசிம்மர் இந்த மாதம் மட்டும் கண் திறந்து பார்க்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் வெள்ளியும் ஞாயிறும் கூட்டம் அள்ளும். பெரிய மலைக்கு ஆயிரத்து முந்நூறுக்கு மேல் படி, 2024-ல் ரோப்காரும் வந்துவிட்டது. முட்டி வலிக்காரர்கள் பிழைத்தார்கள், குரங்குகளுக்குத்தான் வியாபாரம் குறைந்திருக்கும். ஊர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் எங்கள் வீட்டில் யாரும் அதை வெளியூர் என்று சொல்வதில்லை.

செவ்வாய், புதன் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து என்னைத் திட்டாதீர்கள்.

நவம்பர் 25

"நான் கலை நிகழ்ச்சி கேட்டேன், நீங்கள் கோயில் விவரம் சொல்கிறீர்கள்" என்று பதில் வந்திருக்கிறது. கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது, ஒரு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன்.

சபாவில் உட்கார்ந்து கேட்டால் அது கலை, தெருவில் நின்று கேட்டால் திருவிழாவா? எங்கள் பக்கம் பம்பை அடிக்கிறவர் ஒருவர் கையில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மேளம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கும், ஒன்று மரம், ஒன்று பித்தளை. மரத்தின் சத்தம் வயிற்றில் விழும், பித்தளை காதில் அறையும். இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே அந்த ஆள் அம்மன் வரலாற்றைப் பாடவும் செய்வார், கூட ஒருவர் உடுக்கையும் இன்னொருவர் கைச்சிலம்பும் போடுவார்கள். தாளம் முறுகும் இடத்தில் எதிரே நிற்கும் பெண்மணிக்குச் சாமி வந்துவிட்டதென்றால் அவர் நிறுத்தவும் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது, அந்த அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும். இதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று எந்த மிருதங்கக்காரரையாவது கேளுங்கள்.

டிசம்பர் 2

புயல் மழை. மூன்று நாளாக வீட்டை விட்டு நகரவில்லை. திருவண்ணாமலையில் மலை சரிந்து வீடு புதைந்த செய்தி வந்ததிலிருந்து இங்கே யாருக்கும் திருவிழாப் பேச்சு ஓடவில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன்.

டிசம்பர் 14

நேற்று தீபம். இந்த வருஷம் மண்சரிவினால் பக்தர்களை மலையேற விடவில்லை, தீபம் மட்டும் வழக்கம்போல் ஏறியது. எங்கள் தெருவிலும் அகல் வரிசை உண்டு, அதைவிட எனக்கு மாவலி. நீங்கள் மாவலி பார்த்திருக்க மாட்டீர்கள், ஆகையால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆண் பனையின் பூ காய்ந்து விழும், அதைப் பொறுக்கிக் குழியில் போட்டு எரித்து, முழுக்கச் சாம்பலாகும் முன் மூடிவிட வேண்டும், கரியாக நிற்கும். அதை இடித்துப் பொடியாக்கி, கொஞ்சம் உப்பு சேர்த்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் கொட்டி விரல் தடிமனுக்குச் சுருட்டி நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். அப்புறம் பனை மட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் அந்தச் சுருளைச் செருகி, மேலும் கீழும் கட்டி, நீளமாக ஒரு கயிறு. சுருளின் தலையில் ஒரு கங்கு வைத்து ஊதினால் மெல்லப் பிடிக்கும். பிடித்ததும் கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்ற வேண்டியதுதான், பொறி வட்டம் வட்டமாகக் கொட்டும். உப்பு இருப்பதால் நடுநடுவே படபடவென்று வெடிக்கும். சட்டையில் ஓட்டை விழாமல் வீடு திரும்பிய பையன் ஒழுங்காகச் சுற்றவில்லை என்று அர்த்தம்.

எங்கள் பக்கம் பனை குறைந்துவிட்டதால் இப்போது கம்பி மத்தாப்பில் முடிகிறது. திருவண்ணாமலைப் பக்கம் கட்டித் தயாராகவே விற்கிறார்கள். நேற்று ஒருவர் வாங்கி வந்து மொட்டை மாடியில் சுற்றினார், கீழ் வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பதாகச் சத்தம் போட்டார். அதோடு முடிந்தது.

டிசம்பர் 17, விடியல்

மார்கழி இரண்டு. வேலூரில் குளிரா என்று சிரித்தவர் யார்? ஐந்து மணிக்குப் பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஓட்டிப் பாருங்கள், குரங்குக் குல்லா இல்லாமல் முடியாது.

பஜனைக் கோஷ்டி போயிற்று இப்போதுதான். ஒரு ஆர்மோனியம், இரண்டு ஜால்ரா, ஒரு டோலக், முன்னால் விளக்கு பிடித்துக்கொண்டு ஒரு பையன். என் சின்ன வயதில் கோஷ்டியில் சிறுவர்கள்தான் அதிகம், எல்லாம் சர்க்கரைப் பொங்கலுக்காக வந்த பக்தி. இப்போது ஐம்பது வயதுக்குக் கீழே இருவர் தெரிந்தார்கள், ஒருவர் விளக்குப் பையன். தெரு முனையில் திருப்பாவையை விட்டுத் திருவெம்பாவைக்குத் தாவினார்கள், யார் வீட்டுக் கோலம் பெரிசோ அந்த வாசலில் ஒரு பாட்டு கூடுதல். கோலம் போட்ட அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பூசணிப் பூவைச் சாணியில் செருகிக்கொண்டே கடைக்கண்ணால் எதிர் வீட்டைப் பார்த்தார்.

டிசம்பர் 17, மதியம்

"ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி வைத்து எழுப்புவது கலையா?" சரி, இதில் உங்கள் பக்கம் சேர்கிறேன். கோஷ்டி வேறு, கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கி வேறு. குழாயில் போடுவது பழைய ஒலிப்பதிவு, போட்டுவிட்டுப் போட்டவர் போய்ப் படுத்துக்கொள்வார். அதை நிறுத்தினால் ஜால்ரா சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும்.

டிசம்பர் 17, இரவு

இல்லை, மத்தியானம் எழுதியதை முழுசாக ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அந்தக் குழாய் இல்லாவிட்டால் மார்கழி வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. சத்தத்தைக் குறைத்து வைக்கட்டும். அவ்வளவுதான் என் சமரசம்.

டிசம்பர் 23

கேரல் வந்து போனார்கள். சபைக்காரர்கள் வேனில் இருபது பேர், ஒரு கிடார், ஒரு டிரம், பஞ்சுத் தாடி வைத்த தாத்தா. எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு இல்லை, பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து இங்கேயும் ஒரு பாட்டு பாடிவிட்டுப் போனார்கள். அமெரிக்க ஆற்காடு மிஷன் காலத்திலிருந்து, ஐடா ஸ்கடர் ஆஸ்பத்திரி தொடங்கிய 1900-க்கு முன்பிருந்தே, இந்த ஊரில் டிசம்பர் என்றால் இது உண்டு. இரவு பதினொன்று மணிக்குக் கதவைத் தட்டிப் பாடினால் வேறு எந்த மாதமானாலும் சண்டை வரும்.

பாட்டில் பாதி இங்கிலீஷ் மெட்டில் தமிழ் வரி, அதில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. கடைசியில் தமிழ்க் கீர்த்தனை ஒன்றை ஆதி தாளத்தில் எடுத்தார்கள், டிரம்காரப் பையன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் தட்டினான். அப்போதுதான் ஆல்டோ பாடும் அக்காக்களின் குரலே வெளியே வந்தது.

சென்னை நண்பரே, டிசம்பரில் கோட்டைக்குள் போய் நில்லுங்கள். ஒரே அகழிக்குள் 1846-ல் கட்டிய செயின்ட் ஜான் தேவாலயமும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும். ஒரு பக்கம் நட்சத்திர விளக்கு, ஒரு பக்கம் மார்கழிப் பூசை. நுழைவுக் கட்டணம் இல்லை, மறுபடியும் ஆப்பில் வராது.

ஜனவரி 1

புத்தாண்டு வாழ்த்து சொன்னவர்களுக்கு நன்றி. நான் திருத்தணியில் இருந்தேன், தூங்கவில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

டிசம்பர் 31 இரவு படிவிழா. 365 படி, படிக்கு ஒரு திருப்புகழ், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம், கற்பூரம். புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைமார்களைப் போய்ப் பார்த்து மாலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், துரைக்கெல்லாம் துரையைப் போய்ப் பாருங்கள் என்று 1917-ல் இதைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். வள்ளிமலை காட்பாடியிலிருந்து பஸ் தூரம்தான், மேலே சமணர் குகைகளும் உண்டு, அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். திருப்புகழ்ச் சந்தம் லேசுப்பட்டதில்லை. தத்தத்தன தத்தத் தனதன என்று போகும்போது மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியாதவன் மூன்றாம் அடியில் விழுந்துவிடுவான். அங்கே மளிகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், கல்லூரிப் பெண் என்று யார் யாரோ கோஷ்டி கோஷ்டியாக வந்து, புத்தகம் பார்க்காமல், படியேறிக்கொண்டே பாடுகிறார்கள். கச்சேரியில் ஒரு திருப்புகழைக் கடைசியில் துக்கடாவாகப் பாடி முடிப்பார்கள். இங்கே ராத்திரி முழுக்க அதுதான் மெயின்.

ஜனவரி 13

இன்றைக்கு ஆருத்ராவும் போகியும் ஒரே நாள். விடியற்காலையில் பாதித் தெரு பழைய பாய் கொளுத்தியது, மீதித் தெரு நடராஜர் அபிஷேகத்துக்குப் போயிற்று, எல்லாருக்கும் கண்ணில் தண்ணி, காரணம்தான் வேறு.

கோட்டைக் கோயிலுக்குப் போனேன். தரிசன வரிசை நகர நேரமாகும், அந்த நேரத்தில் இடது கைப் பக்கம் கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பம் ஒன்று இருக்கிறது, பாதியைக் கையால் மறைத்துப் பார்த்தால் காளை, மறுபாதியை மறைத்தால் யானை. வரிசையில் வரும் பெரியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிப்பிடித்துக் காட்டுவது பரம்பரைப் பழக்கம். களி நன்றாக இருந்தது, ஏழுகறிக் கூட்டில் உப்பு கம்மி.

ஜனவரி 17

காணும் பொங்கலன்று கோட்டைப் பூங்காவுக்குப் போகாதீர்கள் என்று எழுத நினைத்திருந்தேன், அதற்குள் போய்விட்டு வந்து படம் போட்டிருக்கிறீர்கள். புல்வெளி தெரியாத அளவுக்குக் குடும்பங்கள், சாப்பாட்டுத் தூக்கு, கரும்புச் சக்கை. பிடித்திருந்தது என்கிறீர்கள். அப்படியானால் உங்களைப் பற்றிக் கவலையில்லை.

ஜனவரி 20

ஒருவர் "வேலூர் ஜல்லிக்கட்டு எப்போது" என்று கேட்டிருக்கிறார். ஐயா, இங்கே ஜல்லிக்கட்டு கிடையாது. எருது விடுவது. மதுரைப் பக்கம் மாட்டைப் பிடித்துத் திமிலைத் தழுவி நிற்க வேண்டும். எங்கள் பக்கம் மாட்டை யாரும் பிடிக்கக் கூடாது, ஓட விட வேண்டும். தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டித் தடுப்பு, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோடு வரை எத்தனை நொடி என்று கணக்கு. குறைந்த நொடியில் ஓடிய காளைக்கு முதல் பரிசு, அதற்கடுத்து வரிசையாகப் பல பரிசு. அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களில் தை பிறந்தால் மாசி தாண்டியும் ஞாயிறு விடாமல் எங்காவது இருக்கும். 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017-ல் சட்டத் திருத்தம், 2023 மே மாதம் அது செல்லும் என்று தீர்ப்பு, இதெல்லாம் இதற்கும் சேர்த்துத்தான்.

போன வாரம் பார்த்தேன். வெள்ளைக் காளை, கொம்பில் பலூன், கழுத்தில் சலங்கை. ஐந்து பேர் பிடித்தும் நிற்காமல் பின்னங்காலால் மண்ணை வாரி இறைத்தது. மைக்கில் மாட்டின் பெயர் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்றது, சினிமா நடிகருக்கு அப்படி நிற்க மாட்டார்கள். விட்டதும் என் முன்னால் கடந்தது வெறும் காற்றும் சலங்கைச் சத்தமும்தான். மைக்கில் பேசியவர் நொடியைப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு எண் வரை படித்தார். மாட்டுக்காரர் ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை, முடியும் கோட்டுக்கு அப்பால் கயிற்றோடு ஓடிக்கொண்டிருந்தார்.

மாடி கிடைத்தால் மாடியில் நின்று பாருங்கள். தடுப்புக்கு உள்ளே குதித்து மாட்டின் முதுகில் தட்டுகிற விளையாட்டில் வருஷா வருஷம் ஆள் போகிறது, அதை வீரம் என்று என்னால் எழுத முடியாது.

ஜனவரி 21

"மாட்டுக்குப் பாவம் இல்லையா" என்ற கேள்விக்கு: கால்நடை மருத்துவர் சோதனை, மாவட்ட நிர்வாக அனுமதி எல்லாம் இருக்கிற ஊருக்குப் போங்கள், இல்லாத ஊருக்குப் போகாதீர்கள். இதற்கு மேல் இந்த இழையில் அந்தச் சண்டை வேண்டாம், வேறு எங்காவது போடுங்கள், நானும் வருகிறேன்.

பிப்ரவரி 4

எல்லாரும் மறந்துவிட்ட ஒன்று. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் முஷாயிரா நடக்கும். உருது கவியரங்கம், இஷா தொழுகை முடிந்த பிறகு ஆரம்பித்து நள்ளிரவு தாண்டும். எனக்கு உருது பஸ் பலகை அளவுக்குக்கூடத் தெரியாது. ஒரு தோல் கம்பெனி நண்பர் இழுத்துக்கொண்டு போனார். கவிஞர் முதல் வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், கூட்டம் அதே வரியைத் திருப்பிச் சொல்லும், அவர் இன்னொரு தடவை சொல்வார், இரண்டாம் வரிக்காக எல்லார் கழுத்தும் நீளும். அது விழுந்ததும் எழும் "வாஹ்" சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இருந்தாலும் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொன்றையும் காதில் தமிழில் சொன்னார், ஆம்பூர்த் தமிழில், ரொம்ப அழகாக. நடுவில் சுலைமானி டீ வந்தது.

நமது பட்டிமன்றத்தில் கைதட்டல்தான் இருக்கிறது, இந்த வரி திருப்பிக் கேட்பது இல்லை. ஏன் இல்லை?

பிப்ரவரி 23

விஐடி பல்கலைக்கழகத்தின் ரிவியரா கலைவிழா பற்றிக் கேட்டவருக்கு: மாணவர்களுக்கானது, வெளி ஆளுக்கு நேராக நுழைய வழியில்லை. ஆனால் காட்பாடியில் வாடகைக்கு இருந்தால் பாட்டு ஜன்னல் வழியாக வந்துவிடும், நேற்று எனக்கு வந்தது.

இதைச் சாக்காக வைத்து ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் நீங்கள் கேட்டதில் பாதி நியாயம். திருவிழாவும் இல்லாமல், கல்லூரியும் இல்லாமல், ஒரு சாதாரண சனிக்கிழமை சாயங்காலம் போய் உட்கார்ந்து ஒரு நாடகம் பார்க்க இந்த ஊரில் இடம் இல்லை. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கச்சேரி வைத்தால் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. நன்றாகப் பாடுகிற பெண் பத்தாவது முடித்ததும் சென்னைக்குப் போய்விடுகிறாள். காலண்டரில் இல்லாத கலைக்கு வேலூரில் வழி இல்லை என்பது உண்மை, அதை நான் தெருவைக் காட்டி மறைக்கக் கூடாது.

மார்ச் 2

மயானக் கொள்ளை முடிந்தது. இதற்காகத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன்.

சிவராத்திரிக்கு அடுத்த அமாவாசை. ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் அங்காளம்மன் தேர் பாலாற்றங்கரைக்கு இறங்கும். முன்னால் காளி வேஷம் போட்டவர்கள். மதியம் ஒரு வீட்டுத் திண்ணையில் வேஷம் கட்டுவதைப் பார்த்தேன். நீலத்தை முகத்தில் பூசி, கண்ணைச் சுற்றி வெள்ளை இழுத்து, சிவப்பு நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொள்ள வைத்துவிட்டால் அப்புறம் அந்த ஆள் பேச முடியாது, தண்ணி வேண்டும் என்றால் கையால்தான் காட்ட வேண்டும். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர், எனக்குப் பழக்கம், சிரித்தேன். வேஷம் முடிந்து எழுந்து சூலத்தை வாங்கியதும் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டவில்லை. நானும் கை கூப்பிவிட்டேன்.

தேருக்கு முன்னால் ஒருவர் நீள மூங்கிலால் மின்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பார். தேரின் உயரத்துக்கு அதிகாரிகள் கட்டுப்பாடு போடுவதும் தேர்க்காரர்கள் முனகுவதும் வழக்கம், கம்பியைப் பார்த்தால் நான் அதிகாரிகள் பக்கம். ஆற்றங்கரையில் சுண்டல், கொழுக்கட்டை, காய்கறி, சில்லறை எல்லாம் கூட்டத்தின் மேல் வீசுவார்கள், விழுவதைப் பிடிக்கத் தள்ளுமுள்ளு. கோழியைக் கடிப்பவர்களும் உண்டு, ரத்தம் பார்க்க முடியாதவர்கள் பாலத்து மேலிருந்து பாருங்கள்.

பம்பை பற்றி நவம்பரில் நான் கத்தியதற்கு நீங்கள் இப்போது "புரிந்தது" என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். கணக்குத் தீர்ந்தது.

மார்ச் 5

கூத்து எங்கே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வடஆற்காட்டைப் பற்றி இவ்வளவு எழுதிக் கூத்தைச் சொல்லவில்லையே என்று கோபம். மார்கழியில் மேடை ஏறாது, அதனால்தான். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும், பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசன்று வேஷக்காரர் பாடிக்கொண்டே உயரக் கம்பம் ஏறுவார், கீழே பிள்ளை வேண்டும் என்று வந்த பெண்கள் ஈரத்துணியோடு காத்திருப்பார்கள், அவர் மேலிருந்து எலுமிச்சை வீசுவார். கடைசி நாள் படுகளம், தரையில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பான். செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை இருக்கிறது, அங்கே ஆண்டு தோறும் கூத்து விழாவும் நடத்துகிறார்கள்.

குளிர்காலத்தில் பார்க்க ஒரே ஒரு வழி உண்டு, சொல்லத் தயக்கமாக இருந்தது. கிராமத்தில் வயதானவர் இறந்தால் காரியத்தன்று இரவு கர்ண மோட்சம் வைப்பார்கள். அழைப்பு கிடையாது, போனால் யாரும் விரட்டவும் மாட்டார்கள். துக்க வீடு என்பதை மறக்காமல் ஓரமாக உட்காருங்கள், வீடியோ எடுக்காதீர்கள்.

மார்ச் 5, இரவு

"கூத்து எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் பிடிக்க முடியுமா" என்று கேட்கிறீர்கள். கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியக்காரன் பத்து மணிக்கு வந்தால் உண்டு. முடிவது விடிந்து. கடைசி பஸ்ஸை விடுங்கள், முதல் பஸ் ஐந்தரைக்கு. பாய், போர்வை, கொசுவத்தி நீங்களே கொண்டு வாருங்கள், ஆர்மோனியக்காரர் முதுகுப் பக்கம் மட்டும் இடம் பிடிக்காதீர்கள், அங்கே ஒன்றும் தெரியாது.